சின்னக் கட்டி

எழுபத்து மூன்றாம் வருடமாக இருக்கும். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சந்தைக் கூடையோடு இன்னொருத்தி.

"என்ன ஆப்பரேசனுங்க?" என்றாள் கூடைக்காரி.

"தெரியலீங்க. வலின்னு போனேன், ஊசி போட்டாங்க. முழிச்சுப் பாத்தா தையல் போட்டிருந்துச்சு. இன்னிக்குப் பிரிக்கறாங்க."

"டாக்டரைக் கேக்கலையா?"

"கேட்டனுங்க. வூட்டுக்காரருகிட்டச் சொல்லியாச்சு, நீ போம்மான்னாரு."

"வூட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"சின்னக் கட்டி, எடுத்துட்டாங்க, இனி ஒண்ணுமில்லைன்னாரு."

"அப்பறம் ஏன் இப்படி நடுங்கறீங்க?"

முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டிலிருந்த அவள் கணவன் திரும்பிப் பார்த்தான். "ரொம்பக் குலுங்குதா? தண்ணி வேணுமா?" என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அவன் திரும்பிக்கொண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"கொழம்புல உப்பு கூடினா சோத்து வட்டலத் தூக்கி எறியற மனுசனுங்க அவரு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளா என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க."