மறு அறிவிப்பு வரும்வரை

காலையில் எழுந்ததும் பெரும்பாலானவர்களுக்குக் குரல் கரகரவென்றுதான் இருக்கும். எனக்கு அப்படியில்லை. வெந்நீர் ஒரு வாய் குடித்தால் போதும், இரண்டாம் கட்டடத்தில் காது மந்தமான மெங் ஜே-பில் ஐயாவுக்குக்கூட நான் சொல்வது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்தது என்னவென்று விசாரணைக் குழுவினர் நீங்கள் கேட்டீர்கள். இதிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

என் பெயர் தாக் யோங்-சிக். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புறநகர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நம் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக் கூடத்தின் கூரையிலும் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறது. அதை அணைக்க வழியில்லை. வீடு பார்க்க வந்த அன்று என் மனைவிக்குச் சமையலறை பிடித்திருந்தது. எனக்கு அந்த ஒலிபெருக்கி பிடித்திருந்தது.

போங் ஹே-சுக் அம்மா குடியிருப்போர் சங்கத் தலைவியானதிலிருந்து இங்கே வாராவாரம் ஏதாவது ஒரு நிகழ்ச்சி. பழைய சாமான் சந்தை, குன்றுக்கு நடை, பாட்டுப் போட்டி, இறைச்சி சுட்டுத் தின்பது. அடுத்து வரப்போகும் நிகழ்ச்சிகளை வாசிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நானும் அக்கறையாகத்தான் செய்தேன். குன்று நடைக்கு, போன தடவை இருவருக்குக் கால் பிசகியதை நினைவில் கொள்ளுமாறு சொன்னேன். இறைச்சி விருந்துக்கு, புகையால் வரக்கூடிய நோய்களை வரிசையாகச் சொன்னேன். பாட்டுப் போட்டி அன்று, அக்கம்பக்கத்தில் இதய நோயாளிகள் இருப்பதை மறக்க வேண்டாம் என்றேன். அந்தப் போட்டிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பார்சல் கொடுக்க வீடு தேடி வந்தவர். முதல் பரிசு அவருக்குத்தான் போனது.

மறுநாள் ஹே-சுக் அம்மா என்னிடம் வந்தார்.

"தாக் ஐயா, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வாசிக்கக் கூடாதா?"

"ஒலிபெருக்கியில சிரிப்பு தெரியாதுங்களே."

"சிரிக்காதது தெரியுதே ஐயா. உங்க குரல் கேட்டா எங்க வீட்டுப் பூனை சோபாவுக்கு அடியில போயிடுது."

பூனைகள் பொதுவாகவே அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் ஒலிவாங்கியைக் கூ தால்-சூவிடம் கொடுத்துவிட்டார்.

தால்-சூ, எதிர்ப்புறத்தில் கோழி வறுத்து விற்பவர். குரல் பயிற்சி என்று எதுவும் கிடையாது. எங்கே மூச்சு விடுவது என்பதுகூடத் தெரியாது. அவருடைய முதல் அறிவிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம்.

"அக்காமாரே, அண்ணன்மாரே, கோழிக்கடை தால்-சூ பேசுறேன். ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கு. வீட்டுல உபயோகப்படாதது எதுவா இருந்தாலும் தூக்கிட்டு வாங்க. வீட்டுக்காரரை மட்டும் விட்டுட்டு வாங்க, அந்தச் சரக்கு ஏற்கெனவே நிறைய தேங்கிக் கிடக்கு."

அப்போது நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். என் மனைவி ஓக் புன்-நி அடுப்பில் சூப் வைத்திருந்தாள். அவர் பேசத் தொடங்கியதும் தீயைக் குறைத்தாள். கொதிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாதாம். பிறகு சுவரில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். நான் வாசித்த காலத்தில் மிளகாய் அரைக்கும் இயந்திரத்தைக்கூட அவள் நிறுத்தியதில்லை. இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. முழு விவரம் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்தச் சந்தைக்கு நடக்க இடமில்லாமல் கூட்டம். எனக்கு மிச்சம் வைத்தது மூன்று அறிவிப்புகள்: மின்தூக்கி பழுது, கரப்பான் மருந்து, தண்ணீர் நிறுத்தம்.

"அண்ணே, வருத்தப்படாதீங்க," என்றார் தால்-சூ. கையில் ஒரு பொட்டலம் வறுத்த கோழி. "கெட்ட சேதி சொல்றதுக்கு உங்கள விட்டா ஆள் கிடையாது."

நல்ல கோழிதான். சாப்பிட்டேன்.

நவம்பரில் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள் வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நானூறு முட்டைகோஸ். தனியாக வாழும் முதியவர்கள் எல்லோருக்கும் குளிர்காலம் முழுவதற்குமானது. வெள்ளி மாலையே பிளந்து உப்பில் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை காலை அலசி, மிளகாய் விழுது தடவ வேண்டும். அந்த வாரம் முழுக்கத் தால்-சூ அதைப் பாட்டாகவே பாடினார். என் மனைவி சிவப்பு ரப்பர் கையுறை புதிதாக வாங்கினாள். வியாழக்கிழமையே அதைப் போட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மனிதர்கள் ஓய்வெடுக்க வேண்டிய நாள். இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமல்ல, மருத்துவர்களும் சொல்கிறார்கள். அதை மனதில் வைத்து, அன்று விடியும் நேரத்தில் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போய் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். இன்று காலை எட்டு மணி முதல், மறு அறிவிப்பு வரும்வரை, எல்லாக் கட்டடங்களிலும் தண்ணீர் வராது என்று வாசித்தேன். இரண்டு முறை. அழகாக வந்தது.

தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் குறை இல்லை.

நிகழ்ச்சி ஒரு நாள் தள்ளிப்போகும், தால்-சூ ஒரு நாள் வாய் மூடியிருப்பார் என்று நினைத்தேன். மக்கள் என் குரலை இவ்வளவு நம்புவார்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் குளியல் தொட்டியை நிரப்பினார்கள். வாளி, அண்டா, சோறு வைக்கும் குக்கர், பிள்ளைகளின் மீன் தொட்டி என்று எல்லாவற்றையும் நிரப்பினார்கள். எட்டரைக்குள் பொதுத் தொட்டி காலியானது. மோட்டார் வெறுமனே ஓடி, சூடாகி, புகைந்து நின்றது. ஆக, தண்ணீர் நிஜமாகவே நின்றுவிட்டது. அறிவிப்பில் அரை மணி நேரப் பிழை. ரயில்வேயில் அதைப் பிழையாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

கீழே நானூறு முட்டைகோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. கையுறை மாட்டிய பெண்கள் கையைத் தூக்கியபடி நின்றார்கள், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் போல. ஹே-சுக் அம்மா ஓர் இலையைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தார்.

தால்-சூ சும்மா இருக்கவில்லை. தன் கடைக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கி வந்தார். சாலையைக் கடந்து, போவதும் வருவதுமாக. சிறிது நேரத்தில் என் மனைவி வாளியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இதை அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு தால்-சூ மூச்சிரைக்க ஒலிவாங்கிக்கு வந்தார்.

"அக்காமாரே, வீட்டுக்கு ஒரு வாளி கொண்டாங்க. நிரப்பி வச்சத வச்சு என்ன பண்ணப் போறீங்க, அதுல நீச்சலா அடிக்கப் போறீங்க?"

கதவுகள் திறந்தன. குடும்பம் குடும்பமாக வாளியோடு இறங்கினார்கள். மின்தூக்கி நிறைந்து, படியில் வரிசை கட்டி நின்றார்கள். யாரோ பாடத் தொடங்கினார்கள். இங்கே ஒரு நிகழ்ச்சிக்கு அவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கூட்டத்துக்கு மூல காரணம் என் அறிவிப்புதான். அதை யாரும் குறிப்பிடவில்லை.

இரண்டாவது அறிவிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அதுவும் நான்தான். படியில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். எனவே தால்-சூ கீழே போனதும் உள்ளே போய், நிறுத்தம் நான்கு நாள் நீடிக்கலாம், சேமித்த நீரை யாரும் வெளியே தர வேண்டாம் என்று வாசித்தேன். வரிசை அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வாளியிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், மிகக் கவனமாக ஏறிப் போனார்கள். படியில் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி முட்டைகோஸ்தான் அலச முடிந்தது. மீதி, மோட்டார் சரியான மாலை வரை ஊறிச் செருப்புத் தோல் போல ஆனது. அதைத்தான் முதியவர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. மெங் ஐயா ஒரு துண்டு தின்றுவிட்டு, "அருமையா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடு," என்றார். அன்று முழுக்க அதையேதான் சொன்னார் என்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்டது புன்-நியால். எல்லோரும் கலையும் நேரத்தில், ஹே-சுக் அம்மாவின் முன்னாலேயே, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, மோட்டார் எட்டரைக்குத்தான புகைஞ்சுது? விடியக்காலையில உங்களுக்கு யாரு சொன்னா?"

"அனுபவம்," என்றேன்.

அவள் கையுறையைக் கழற்றி என் கையில் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேசுவதெல்லாம் சூப்போடுதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விகளைப் பார்த்தால், அவள் அதை உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. எனக்காக மறைத்தாளா, வெட்கப்பட்டாளா தெரியாது. இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு எல்லோரும் திரும்பிப் போனார்களே, அவள் மட்டும் திரும்பவில்லை. நான் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் அவள் நிரப்பிய குளியல் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதை எடுக்க இரண்டு வாளிகளோடு மாடி ஏறி வருவது எனக்குக் கேட்டது. தால்-சூவின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

நான் குளியலறைக்குப் போய்த் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினேன்.

தண்ணீர் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. அவள் வாசலில் வாளிகளோடு நின்று, கடைசிச் சுழி வரை பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இருந்தாலும் விளக்கம் தருவது என் கடமை என்பதால், தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்று சொன்னேன். நவம்பரில் இங்கே கொசு கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதைத் தெளிவாக, சரியான இடத்தில் மூச்சு விட்டு, இரண்டு முறை சொன்னேன்.