மேல்வீட்டுக்காரரின் மூன்றாவது குவாத்துவோர்

லா ஷப்பலில் மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"மேல்வீட்டுக்காரற்றை மனிசி திரும்பி வந்திட்டா. அதுதான் எனக்குக் கவலை."

"ஏனடி, நல்ல விசயம்தானே?"

"அவர் குவாத்துவோர் எழுதுறவர். நாலு பேர் சேர்ந்து வயலின் மாதிரி வாசிக்கிற இசை. மனிசி முதல்தரம் விட்டிட்டுப் போகேக்கை ஒண்டு எழுதினார். வீட்டிலை வாசிக்க, கட்டடமே அழுதது. ரெண்டாந்தரம் போகேக்கை எழுதினது அதைவிடத் திறம்."

"இப்ப?"

"இப்ப சந்தோசத்திலை எழுதுறார். பூனையின்ரை வாலை மிதிச்ச மாதிரிக் கிடக்கு. என்ரை மனிசன் காதிலை பஞ்சு வைச்சுக்கொண்டுதான் சாப்பிடுறார்."

"போய்ச் சொல்லன்."

"அவரிட்டை என்னெண்டு சொல்லுறது, பாவம். மனிசியிட்டைத்தான் சொன்னன், அங்காலை பியர்ஃபித்திலை என்ரை மாமி வீட்டிலை ஓர் அறை சும்மா கிடக்கெண்டு."

"அதுக்கு அவ?"

"எப்ப வரலாமெண்டு கேக்கிறா."