சேற்றுச் சிலம்பனுக்கு ஒரு மண்டபம்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர், சாலைக் கடைவீதியின் அரிசி வியாபாரி சாம்பசிவன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் பெரியோர்களே, பாயசம் ஆறுவதைப் பார்த்தும் பொறுமை காக்கும் தாய்மார்களே, கழக்கூட்டத்துப் போக்குவரத்தைக் கடந்து உயிரோடு வந்து சேர்ந்த கணினித் தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தாணுமாலையனின் தாழ்மையான வணக்கம்.

இன்றைய விழா நாயகன் யார்? நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சதுப்பில் வாழும் சேற்றுச் சிலம்பன். வாலிலே மூச்சுக்குழல், வயிற்றிலே காற்றுக்குமிழி, பின்னங்கால் இரண்டும் துடுப்பு. கோடையில் சேற்றுக்குள் நான்கு மாதம் தூங்கும். மழையில் முட்டைகளை முதுகில் சுமக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத பூச்சி.

விழாவுக்கு வந்திருந்த ஆய்வு அதிகாரி போய்விட்டாரா? வித்துரா பஸ் ஏறிவிட்டாரா? நல்லது. அப்படியானால் மிச்சத்தையும் சொல்லலாம். இங்கேயும் இல்லாத பூச்சி.

சிரிக்கிறீர்கள். பெற்றவர்கள் நீங்கள், சிரிக்கலாம். சதுப்பை மண்ணால் மூடி வாகன நிறுத்தம் கட்ட ஒரு கம்பெனி வந்தபோது ஒன்பது மனு போட்டோம். அரிய உயிர் ஏதுமில்லை என்று ஒன்பதும் திரும்பின. பத்தாவது மனுவுக்காக நாம் எல்லோரும் கூடிப் பெற்ற பிள்ளை இது. துடுப்பு, தலைவர் கொடுத்தது. தூக்கம், நான் கொடுத்தது. முப்பது வருடம் கணக்காளனாக ஆபீசில் பழகிய வித்தை. ஆய்வு முடியும்வரை மண் கொட்டக் கூடாது என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. வென்றோம்.

வென்றவர்கள் சும்மா இருந்தோமா? பூச்சிக்குப் பாராட்டு விழா. பூச்சிக்கு நினைவு மண்டபம். எங்கே? சதுப்பின் நடுவே. எதன்மேல்? பதினாறு லோடு செம்மண்ணின்மேல். உத்தரவு கம்பெனிக்குத்தானே, நமக்கில்லையே என்கிறார் தலைவர். பூச்சியைக் கௌரவிக்கப் பூச்சியின் வீட்டை மூடுகிறோம். கம்பெனிக்காரனுக்குக்கூட இவ்வளவு பக்தி வரவில்லை.

காலையில் இசக்கி என் வீட்டுக்கு வந்தார். நம் சுவர்களுக்கெல்லாம் கல் சுமந்த சித்தாள். சதுப்பின் ஓரத்துத் தகரக் கொட்டகையில் குடியிருப்பவர். "அண்ணாச்சி, பூச்சி பொய்யின்னு நமக்குத் தெரியும். தண்ணிக்குத் தெரியுமா? மண்ணப் போட்டா அது நேரே எங்க வீட்டுக்குல்லா வரும்?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முட்டைகளை முதுகில் சுமக்கும் என்று மனுவில் எழுதச் சொன்னது யார்? இந்த இசக்கிதான். போன மழைக்கு இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பிள்ளைகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றவர். நாம் கற்பனை செய்தோம். அவர் நடந்ததைச் சொன்னார். நாளைக்கே அந்த அதிகாரி திரும்பி வந்து சேற்றுச் சிலம்பனைக் காட்டு என்றால், காட்ட நம்மிடம் வேறு யார் இருக்கிறார்கள்?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் அண்ணாச்சி. அடிக்கல் நாட்ட என்னை அழைத்தீர்கள். நான் நாட்ட மாட்டேன். முதல் லோடோடு வாசலில் நிற்கும் லாரிக்காரத் தம்பி தங்கபாண்டி, வண்டியைப் பின்னால் எடு. தலைவரைப் பார்க்காதே தம்பி, பின்கண்ணாடியைப் பார்.

செவி கொடுத்த உங்களுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பூச்சி வர இயலவில்லை. அதன் இடத்தில் இசக்கி வந்திருக்கிறார். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் நிற்கிறார். யாராவது எழுந்து விழா நாயகருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வணக்கம்.