அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர்

இல்ல சார், சக்கர இல்ல, வெல்லம் போட்ட காப்பி. புடிக்கலைன்னா சொல்லுங்க, வேற போடறேன். அந்த நாக்காலி ஆடும், இப்படி பெஞ்சுல உக்காருங்க. கயிறு, முளைக்குச்சி, தராசு எல்லாத்தையும் அந்த மூலையில வச்சிடுங்க, எங்க பாப்பா இவ கைக்கு எட்டாது. தலையாரி உத்திராபதி அண்ணன் வந்துடுவாரு சார். அவரு வந்து வயல காட்டினாத்தானே நீங்க பயிர அறுத்து நிறுக்க முடியும்? நானா? எனக்கு எங்க சார் வரப்பு தெரியும். நான் கடலூர் செம்மண்டலத்துக்காரி, கான்வென்ட்டுல படிச்சவ. கல்யாணமாயி இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் இங்கிலீஷ்காரின்னுதான் பேரு.

மாமாவா? சுப்பராயலு, ஆமா, எங்க மாமனாருதான். கடைக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு.

நம்பர் போட்டு எடுப்பீங்களாமே சார், ஊர்ல இருக்கற அத்தன சர்வே நம்பர்லயும்? லாட்டரிய ஒழிச்சிட்டாங்கன்னு சொன்னாங்க, எங்க வீட்டுக்கு மட்டும் விழுந்திருக்கு. அந்த சேதி வந்த அன்னிக்கு மாமாவ பாத்திருக்கணும் நீங்க. இத்தினி வயலு இருக்கு, கவர்மெண்டு என்னுதுதான் வேணுங்குதுன்னு தெரு முழுக்க சொல்லிட்டாரு. அறுக்கற பக்குவம் வந்து ஒரு வாரம் ஆச்சு சார். அறுக்க மாட்டேன்னுட்டாரு. ஆபீசர் வரணும், அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டணும், அறுத்து, அடிச்சு, நிறுத்து, கவர்மெண்டு நோட்டுல எழுதணும், அப்புறந்தான் மீதியில அருவா வைப்பேங்கறாரு. குருவி வந்தா தகர டப்பாவ தட்டறாரு. கொக்கு வந்தாலும் தட்டறாரு. கொக்கு எங்க சார் நெல்லு தின்னுது? ஒரு கதிரு கொறையக் கூடாதாம். அவுரு நெல்லு ரெக்கார்டுல ஏறணுமாம்.

நல்ல வெளைச்சல்தான் சார், பொய் இல்ல. மேட்டு நெலம். கார்த்திகை மழையில ஊரு முழுக்க பத்து நாளு தண்ணியில கெடந்துச்சு. எங்களுது மட்டும் தலைய தூக்கிக்கிட்டு நின்னுச்சு. வேற வருஷமா இருந்தா தெருவுல நாலு பேரு மெச்சியிருப்பாங்க. இந்த வருஷம் நல்லா வெளைஞ்சதுக்கு நாங்க தலைய குனிஞ்சுக்கிட்டுப் போறோம்.

எங்களுக்கு இன்சூரன்ஸ் உண்டாங்கறீங்களா? இல்ல சார். அதான் வேடிக்க. பயிர நடறப்பவே அது சாவும்னு எழுதிக் குடுக்கறதா, அதுக்குக் காசு வேறயான்னு மாமா கேட்டாரு. கட்டல. இன்சூரன்ஸே இல்லாத வயல அளந்துதான், இன்சூரன்ஸ் கட்டினவங்களுக்கு உண்டா இல்லையான்னு நீங்க சொல்லப் போறீங்க. சிரிக்கணும்னா சிரிங்க சார். நானும் மொதல்ல சிரிச்சேன்.

அவுங்கள எல்லாம் கட்ட வச்சதே நாந்தான்.

மகளிர் குழு இருக்குது இங்க, முப்பத்தெட்டு பேரு. எதுத்த வீட்டு கொளஞ்சி அக்காதான் தலைவி. அது ஒரு நாளு நோட்டீஸ் ஒண்ணு கொண்டாந்துச்சு, பயிரு இன்சூரன்ஸ் பத்தி. இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்ல அடிச்சது தீந்துபோச்சாம். நீதான் படிச்சவளாச்சே, சொல்லுடின்னுச்சு. இவ அப்ப பொறந்து ரெண்டு மாசம். வீல்னு கத்தறா. மடியில போட்டு ஆட்டிக்கிட்டே படிச்சேன். வெள்ளம், புயலு, வறட்சி, பூச்சி, நோயி, எல்லாத்துக்கும் உண்டுன்னு போட்டிருந்துச்சு. ஏக்கருக்கு நூத்திச் சொச்சம் கட்டினா போதும், பயிரு போனா ஆயிரக் கணக்குல வரும்க்கா, தைரியமா கட்டுங்கன்னேன். ஸ்கூல்ல வாசிப்புக்கு பிரைஸ் வாங்கினவ சார் நான். சிஸ்டருங்க என்னத்தான் எழுப்பி விட்டு படிக்கச் சொல்வாங்க. உச்சரிப்பெல்லாம் அவ்ளோ சுத்தம். என்னா, முன்பக்கத்த மட்டும் படிச்சேன்.

விஷயம் பின்பக்கத்துல இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா. உன் வயலு போச்சா, என் வயலு போச்சான்னு தனித்தனியா யாரும் வந்து பாக்க மாட்டாங்க. இந்த பிர்காவுல, சுத்துப்பட்டு ஊருங்க எல்லாத்துலயும், அங்கங்க சில வயல பொறுக்கி, அறுத்துப் பாத்து, சராசரி போடுவாங்க. அது அவுங்க குறிச்சு வச்ச அளவுக்குக் கீழ போனா, பிர்காவுல கட்டின அத்தன பேருக்கும் பணம். ஒரு பிடி மேல நின்னாலும், உன் வயலு குளமா கெடந்தாலும் ஒண்ணும் கெடையாது. இத நான் எப்ப படிச்சேன்னா, தண்ணி வடிஞ்சப்புறம்.

முப்பத்தெட்டு ஃபாரமும் நான் எழுதினதுதான் சார். ஆபீஸ்ல பாத்தீங்களா? எழுத்து அழகா இருக்குதா? தேங்க்ஸ் சார்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சொல்லவும் கூடாது, தெரியும். ஆனா உங்க ஆபீஸ் பக்கிரி அண்ணன் டீக்கடையில சொல்லிட்டுப் போயிட்டாரு. மத்த வயலெல்லாம் அளந்தாச்சு, இதுதான் கடைசி, கணக்கு நூல் மேல நிக்குதுன்னு. எங்க வயலு சேந்தா மேல. சேரலைன்னா கீழ. அன்னிக்கே ஊரு முழுக்கத் தெரிஞ்சு போச்சு.

மொதல்ல கொளஞ்சி அக்கா வீட்டுக்காரரு கதிர்வேல் அண்ணன்தான் வந்தாரு. மரியாதயாத்தான் கேட்டாரு. மாமா, ஒரே ஒரு நாளு ரெண்டு மாடு உள்ள போனத பாக்காத மாதிரி இரு, ஊரு பொழச்சிக்கும்னு. மாமா கம்ப எடுத்துட்டாரு. என் பயிர நானே கேவலப்படுத்தணுமாடா, அதுக்கு என் கழுத்த அறுத்துட்டுப் போன்னாரு. அண்ணன் படியெறங்கச்சொல்ல திரும்பி, உன் மருமவ படிச்சு சொன்னதாலதான மாமா கட்டினோம்னு ஒரு வார்த்த சொன்னாரு. மாமா என்னை ஒரு பார்வ பாத்தாரு. தகர டப்பாவ எடுத்துக்கிட்டு வயலுக்குப் போயிட்டாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

திட்டுவாங்கன்னு பாத்தேன் சார். யாரும் திட்டல. குழாயடிக்குப் போனா கொடத்த தூக்கிக்கிட்டு நவுந்துக்கறாங்க. பட்டம்மா பெரிம்மா மட்டும் சொல்லுச்சு, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது கண்ணு, ஆனா நஷ்டம் தமிழ்லயே வந்துடுச்சுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சிட்டு, வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கிட்டேன்.

இந்தாடி, சார் பேனாவ புடுங்காத. ஏழு மாசம் ஆவுது சார். பொழுது விடிஞ்சா இவள கொளஞ்சி அக்கா தூக்கிக்கிட்டுப் போயிடும், பசிச்சாத்தான் எங்கிட்ட வருவா. இப்ப ரெண்டு வாரமா அது வாசல் பக்கமே பாக்கறதில்ல. இவ என்னடான்னா அந்த வீட்டப் பாத்து ரெண்டு கையையும் நீட்டறா. கொழந்தைக்கு என்னா தெரியும், சராசரியா தெரியும்?

உங்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமா இருக்கும். எனக்கு மாமியாரு இல்ல. வீட்டுக்காரரு இளவரசு பாண்டிச்சேரியில கம்பெனி வேல, ஞாயித்துக்கிழம மட்டும்தான் வருவாரு. போன்ல சொன்னா, நீ எதுலயும் தலையிடாத, பேசாம இருங்கறாரு. பேசாம இருக்கலாம். பொங்கலுக்கு முன்னாடி இவளுக்கு ஜொரம் ஜாஸ்தியாயி கண்ணு சொருகிடுச்சு. மாமா வயல்ல. நான் தெருவுல நின்னு கத்தினேன். கதிர்வேல் அண்ணன் சோத்துல இருந்த கையோட எந்திரிச்சு வந்து, எங்கள வண்டியில வச்சு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி சேத்தாரு. இன்னொரு தடவ அப்படி ஆனா நான் யாருன்னு சார் கூப்பிடுவேன்? கூப்பிட்டா வருவாங்க, அவுங்க அப்படிப்பட்டவங்கதான். கூப்பிட என் வாயி வருமா?

மணி என்ன சார் இப்ப? பதினொண்ணா. அப்ப சரி.

உத்திராபதி அண்ணன பதினொண்ணுக்கு மேல வந்தா போதும்னு நாந்தான் சொல்லி அனுப்பினேன். கோவிச்சுக்காதீங்க. மாமா கடைக்குப் போயிருக்காருன்னதும் நெசந்தான். கடலூர் திருப்பாப்புலியூருக்குப் போயிருக்காரு, புது வேட்டி எடுக்க. நீங்க கயிறு புடிக்கச்சொல்ல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணுமாம். வேட்டி சிதம்பரத்துலயே கெடைக்கும். கடலூர்லதான் தள்ளுபடின்னு நான் சொல்லி வச்சேன். இல்ல சார், இன்னிக்குக் கட்ட இல்ல அந்த வேட்டி. சனிக்கிழமைக்கு. நீங்க போன்ல வியாழக்கிழமன்னுதான் தெளிவா சொன்னீங்க, நான் ஒண்ணும் தப்பா வாங்கிக்கல. போனு எங்கிட்டதானே இருக்கு. மாமாகிட்ட சனிக்கிழமன்னு சொல்லிட்டேன்.

வயல அறுத்தாச்சு சார்.

மாமா மொத பஸ்ஸு ஏறினதும் கொளஞ்சி அக்கா வீட்டுக் கதவத் தட்டினேன். பொழுது கெளம்பறதுக்குள்ள முப்பத்தெட்டு பேரும் அருவாளோட எறங்கிட்டாங்க. கூலி கேக்கல. ஒன்ற ஏக்கரு அவுங்களுக்கு எம்மாத்திரம். இந்நேரம் கட்டு பூரா களத்துக்குப் போயிருக்கும். ஒரு மணி நெல்லு வீணாவல, எங்க நெல்லு எங்க வீட்டுக்குத்தான் வரப்போவுது. நீங்க கயிறு கட்டறதுக்குத்தான் அங்க நிக்கற பயிரு இல்ல. அறுப்பு ஆன வயலா இருந்தா அடுத்த நம்பரத்தான் அளக்கணும். போன வாரம் உங்க ஆபீசுக்கே வந்து, ரூல் புஸ்தகத்த கேட்டு வாங்கிப் படிச்சேன். அடுத்த நம்பரு கதிர்வேல் அண்ணனுது. பள்ளத்து வயலு. பாதி அழுகி கருப்பா கெடக்கு, மீதி பதரு. பொய்யா எழுதச் சொல்லல சார். அங்க இருக்கறத இருக்கற மாதிரி நிறுங்க, அது போதும்.

எந்திரிச்சிட்டீங்களா. எழுதறதும் எழுதாததும் உங்க இஷ்டம். புகார் எழுதினாலும் என் பேர எழுதுங்க, அவுங்க பேரு வேணாம். அதோ தலையாரி அண்ணன் வராரு பாருங்க.

ஒண்ணே ஒண்ணு சார். மாமா ஒரு மணி பஸ்ஸுல எறங்குவாரு. வீட்டுக்கு வர மாட்டாரு, துணிப் பையோட நேரா வயலுக்குத்தான் போவாரு, தெனமும் அப்படித்தான். நீங்க பக்கத்து வயல்லதான இருப்பீங்க, கொஞ்சம் மெதுவா அளங்க. நானும் இவள தூக்கிக்கிட்டு வந்து வரப்புல நிக்கறேன். வெளியாளு முன்னாடி அவரு கொஞ்சம் அடக்கிப்பாரு. இல்ல சார், அடிக்கற மனுஷன் இல்ல அவரு, அடிச்சாலும் வாங்கிக்குவேன். அழுதுட்டாருன்னா என்னா பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல.