தூளிக் கூலி

"அலோ... அலோ... ஆமாங்க, மிளகு மண்டிதான். சின்னராசுதானுங்க. சேந்தமங்கலத்துல டாக்டரூட்டுல இருந்தா? ...குடுங்க, குடுங்க."

சேலத்து மண்டியில் தராசு பிடிக்கிற சின்னராசுவுக்கு டிரங்க் கால் வந்தது அதுதான் முதல் தடவை. மூன்று நிமிஷம்தான் என்று சொல்லி டெலிபோன் குழாயைக் கொடுத்த முதலாளி அப்பாஸ் அலி, காதில் விழாதவர் மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

"ருக்குமணியா? ...நான்தான், சொல்லு. ...இருசாயிக்கா? என்னாச்சு? ...பலா மரத்துல இருந்தா? ...தொடையெலும்பா?"

அவனும் பெண்டாட்டியும் பிரிந்து இரண்டு வருஷம். எட்டு வயது மகள் இருசாயியோடு அவள் கொல்லிமலை மேலேயே இருந்துவிட்டாள். நாமக்கல் கோர்ட்டில் ராஜி ஆனது. மாசம் பதினைந்து ரூபாய். அதற்கு மேல் வைத்தியம், படிப்பு என்று எது வந்தாலும் ஆளுக்குப் பாதி, ரசீது காட்டினால். அந்த 'ரசீது காட்டினால்' என்பதை வக்கீலிடம் சொல்லி எழுத வைத்தவன் இவன்தான். ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு அவனுக்கு.

"எப்ப விழுந்தா? ...நாலு நாளாச்சா? நாலு நாளு என்ன புள்ள பண்ணீட்டு இருந்தீங்க? ...சந்தை நாளுக்குக் காத்திருந்தியா? தூளி தூக்கற காத்தானைக் கூப்புட்டு எறக்கியிருக்கலாமில்ல? ...கூப்புடவே இல்லியா? ஏன்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏன் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

மலையில் ரோடு கிடையாது. நடக்க முடியாதவர்களைப் போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு ஆள் சுமந்து இறக்க வேண்டும். போன ஐப்பசியில் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது அப்படித்தான் இறக்கினாள். கூலி பன்னிரண்டு ரூபாய். பாதிக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டாள். மருந்துக்கு ரசீது இருந்தது, கொடுத்தான். தூளிக்காரன் எந்த ஊரில் ரசீது கொடுத்தான்? 'தூளிக் கூலி ராஜியில் இல்லை, இனிமேல் கேட்காதே' என்று மணியார்டர் துண்டில் எழுதி அனுப்பினான், மகராசன். இந்தத் தடவை அவள் ஆள் பிடிக்கவில்லை. பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சுமை இறக்குகிறவர்கள் சும்மா கைகொடுப்பார்கள் என்று காத்திருந்தாள்.

"ஆமா... ஆமா, எழுதுனேன். இல்லேங்கல. புத்தி கெட்டுப்போச்சு ருக்கு. ...டாக்டர் என்ன சொல்றாரு? ...எலும்பு வெலகிப் போச்சா? ...மொத நாளே வந்திருந்தா... ம்... ம்... நொண்டுவாளா? ...சொல்ல முடியாதுங்கறாரா?"

உட்காரலாம் போல இருந்தது. குழாயின் கயிறு எட்டவில்லை. நின்றான்.

"சேலம் பெரியாசுபத்திரிக்குக் கூட்டியா. காரு வெச்சுக் கூட்டியா. ...பாதியெல்லாம் பேசாத. முச்சூடும் நான் குடுக்கறேன். ரசீதும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ...திட்டு, நல்லாத் திட்டு. எனக்கு வேணும். ...புள்ளை பக்கத்துல இருக்காளா? குடு ஒருக்கா."

அப்பாஸ் அலியின் பேப்பர் புரளவே இல்லை.

"சாமி... அப்பன்தான். ரொம்ப நோவுதா? ...பொய் சொல்லாத கண்ணு. ...என்னது? நோவுலேன்னு நீயா சொன்ன? அம்மா ஆள் கூப்புடப் போனப்பவா? ...வேண்டாம்னு நீயா தடுத்த?"

குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பன் எழுதுனது உனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? ...நீயா படிச்ச?"

ருக்குமணிக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அந்த வீட்டில் ஒன்றுதான். மாசாமாசம் அந்தத் துண்டை யார் படித்துக் காட்டுவார்கள் என்று, எழுதின கை ஒரு தடவையும் யோசித்ததில்லை.

"இல்ல சாமி... நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. அப்பன் எழுதுனதுதான் தப்பு. ...ஏனுங்க, எக்ஸ்சேஞ்சுங்களா, கட் பண்ணீராதீங்க, இன்னும் ஒரு நிமிசம்... கண்ணு, நோவுதுன்னா நோவுதுன்னு சொல்லோணும், கேக்குதா? சத்தம் போட்டு அழுவோணும். அப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இப்பவே பஸ் ஏறி வாரேன். அழுவு சாமி... அழுவு... அலோ... அலோ..."