எரியாத சொட்டு மருந்து

முரளி, செவ்வாய்க்கிழமையில் நம் ஊரில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு இடம் கிடைத்ததே அதனால்தான். வேதாசலம் தன் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை அன்று மட்டும் எங்களுக்குத் திறந்துவிடுவார். முந்தின நாள் விசேஷத்தின் சாம்பார் வாசனை போகாத அந்தக் கூடத்தில், மதியம் மூன்று மணிக்கு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்காருவோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். காலையில் மலை ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, விபூதி கலையாமல் வந்து சேருவார்கள். பாதிப் பேர் தூங்கத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அம்மாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது, இனித் திரும்பாது என்று சென்னை டாக்டர் சொன்னதைச் சொன்னாய். மருந்தே விடாத கண் மாதிரி அழுத்தம் ஏறியிருக்கிறது என்றாராம். "புவனா சின்னம்மா, நீங்க ஒரு நாள்கூடத் தவறாம சொட்டு விட்டீங்கன்னு அம்மா சத்தியம் பண்றாங்க, அப்ப மருந்துதான் போலி" என்று சுதாகரின் மருந்துக்கடை மேல் புகார் கொடுக்கக் கிளம்பினாய். நான் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். நீ போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். சுதாகர் பிள்ளைகுட்டிக்காரர். செய்யாத தப்புக்கு அவர் கடை மூடக் கூடாது. அதனால் இதை எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முப்பத்திரண்டு வருஷம் நான் பத்திரப்பதிவு ஆபீசில் அடுத்தவர் நிலத்துக்கு நான்கு எல்லை பார்த்துக் கொடுத்தவள். வீட்டுக்கு வந்தால் கதை எழுதுவேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். சிலது திரும்பி வந்தது, பலது வரவே இல்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு கதையாவது கேளுங்கள் என்றால், செய்தி முடியட்டும் என்பார். அவர் போய்ச் சேரும் வரை செய்தி முடியவில்லை.

ஓய்வு பெற்றபின்தான் இந்த வட்டத்தை ஆரம்பித்தேன். நான் படிப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டாம் மாதமே, நானே எழுதியது என்று சொல்லி ஒரு கதையை எடுத்தேன். நாலு வரி தாண்டவில்லை. ஒருத்தி பட்டா மாறுதலுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். இன்னொருத்தி அதற்குப் பதில் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வாரம் ஒரு மாதப் பத்திரிகையின் நடுவில் என் காகிதங்களைச் செருகிக்கொண்டு போனேன். யாரோ சென்னை எழுத்தாளர் என்று சொல்லிவிட்டுப் படித்தேன். கூடம் அடங்கிப்போய்க் கேட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருஷமும் அப்படித்தான் நடந்தது.

உன் அம்மா வட்டத்துக்கு வந்த காரணம் வேறு. ஜெயம்மாள் அக்கா நகரிக்காரர். எட்டாவது வரை தெலுங்கில் படித்தவர். உன் அப்பா துளசிங்கம் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து ஐம்பது வருஷமாகிறது. தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்துத் தெரியாது. படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்று வந்தார். கேட்பது என்றால் என்ன என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் மூச்சு வாங்குவார். பொட்டு இல்லாத அந்த நெற்றி சுருங்குவதைப் பார்த்தாலே இந்த வரி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவர் வராத வாரம் நான் நல்ல கதையை எடுக்கவே மாட்டேன்.

மணவூர் கதை என்று ஒன்று. திருவள்ளூரில் மகள் வீட்டுக்குப் போகிற ஒரு பெண் தவறி மணவூரில் இறங்கிவிடுவாள். அடுத்த வண்டி வரும், ஏற மாட்டாள். அதற்கடுத்ததும் வரும். சாயங்காலம் வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான் கதை. அதைப் படித்து முடித்தபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் அறுபது வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படி அழுததில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அக்காவுக்குக் கண் அழுத்த நோய் இருப்பது இலவச முகாமில் தெரிந்தது. அப்போதே வலக்கண் பாதிக்கு மேல் போயிருந்தது. நீ வேலையில் இருந்ததால் நான்தான் கூடப் போனேன். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டு, ஒரு நாளும் விடக் கூடாது என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நீ பிற்பாடு எனக்காகச் சமாதானம் தேடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அக்காவுக்குக் கை நடுங்கும், மருந்து கண்ணில் விழாது. மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. நீ வாங்கித் தருகிறேன் என்றாய். வாங்கினால் மூணு நாள் குழம்பு தின்கிற புத்தி வந்துவிடும் என்று அவர்தான் வேண்டாமென்றார். ஆகவே குப்பி என் வீட்டில் இருந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு, பின்தெருவிலிருந்து நடந்து வருவார். நாற்காலியில் தலையைச் சாய்ப்பார், நான் விடுவேன். சுரீரென்று எரியும். எரிச்சல் அடங்கும் வரை உன் சின்ன வயசுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் சித்திரையில் அவர் தமிழ் எழுத்துக் கற்க ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிற திருப்பதி பஸ்களின் பலகையில் ஊர்ப்பெயர் இரண்டு மொழியிலும் இருக்கும். தெலுங்கை வைத்துத் தமிழைப் பிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்திலிருந்து நீங்கள் வரும்போது, உன் மனைவி துர்காவிடம் சந்தேகம் கேட்டுக்கொள்வாராம். அறுபத்தெட்டு வயதில், ஒன்றரைக் கண்ணை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் படித்துவிட்டார். கெட்டிக்காரி என்று நானும் மற்றவர்களும் கை தட்டினோம்.

ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம், சொட்டு விடப் போகும் நேரத்தில் என்னிடம் கேட்டார்.

"மணவூர் கதை வந்த பொஸ்தகத்த எனக்குக் குடு புவனா. நானே எழுத்துக் கூட்டிப் படிக்கணும். மார்ச் மாசம் விழால மேடையேறி அதத்தான் படிக்கப் போறேன்."

தேடிப் பார்க்கிறேன் அக்கா என்றேன்.

மார்ச் மாதம் நாங்கள் நடத்தும் மகளிர் இலக்கிய விழாவுக்கு இருநூறு பேர் வருவார்கள். அந்தக் கதை எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அது என் பீரோவில் இருந்தது. இத்தனை வருஷமாக நான் ஏமாற்றியது தெரிந்தால் அக்கா என் முகத்தில் விழிக்க மாட்டார். அதைவிட, படிக்கக் கற்றுக்கொண்டவருக்குப் படித்துக் காட்டுகிறவள் எதற்கு? அந்த இரண்டையும் நினைத்துத்தான் பயந்தேன்.

எனக்குக் கண் வறட்சி உண்டு. அதற்கு விடும் சாதாரண சொட்டுக் குப்பி அதே ஃப்ரிட்ஜ் கதவில் பக்கத்தில் இருந்தது. அன்று அதை எடுத்தேன். தவறி எடுத்ததாக நினைக்காதே. இரண்டுக்கும் மூடியின் நிறம் வேறு.

ஒரு மாதம் மட்டும் என்றுதான் நினைத்தேன். எழுத்து கொஞ்சம் மங்கினால் சலித்துப்போய் விட்டுவிடுவார், பிறகு பழையபடி நான் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்கு வித்தியாசம் தெரிந்தது. "இப்பல்லாம் எரியவே இல்ல புவனா. உன் கை ராசி" என்றார். பழகிவிட்டது அக்கா என்றேன்.

புரட்டாசியில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கார்த்திகையில், ஒரு எழுத்துத் தெரிகிறது, பக்கத்து எழுத்துத் தெரியவில்லை என்றார். நீ கண்ணாடி மாற்றிக் கொடுத்தாய். டாக்டரிடம் போகும் தேதியை இரண்டு முறை நான்தான் தள்ளிப்போட்டேன், ஒரு முறை கனமழை என்று, ஒரு முறை எனக்குக் கால்வலி என்று. ஏன் நடுவில் நிறுத்தவில்லை என்று நீ கேட்பாய். பார்வை குறையக் குறைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் கேட்டவர் தினமும் கேட்க ஆரம்பித்தார். சொட்டு விட்டபிறகு எட்டரை வரை உட்கார்ந்து ஒரு கதை கேட்டுவிட்டுத்தான் போவார். நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். அந்த எட்டு மாதத்தில் நான் பதினேழு கதை எழுதினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி எழுதியதில்லை.

விழா வந்தபோது அவரால் படிக்க முடியவில்லை. அவருக்குப் பதில் நான் மேடையேறி மணவூர் கதையைப் படித்தேன், வழக்கம்போல யாரோ எழுதியது என்று. கைதட்டல் நிற்கவே இல்லை. அக்கா முதல் வரிசையில், மேடைக்குக் கொஞ்சம் தள்ளி வேறெங்கோ பார்த்தபடி, எல்லோருக்கும் பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கடைசி வரை நன்றாகத்தான் படித்தேன்.

பங்குனிக் கடைசியில் துர்கா உன் அம்மா வீட்டை ஒழித்துக் கழுவ வந்தாள். பரணில் இருந்த ஒரு நோட்டை என்னிடம் கொண்டுவந்தாள். "அத்தை இன்னாவோ எழுதி வெச்சிக்கீறாங்க. பாதி எழுத்து தெலுங்கு மாதிரி கீது, எனக்குப் படிக்க வரல. நீங்களே அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். சாயங்காலம் அக்கா வந்ததும் எடுத்துப் பிரித்தேன். பெரிய பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து வரி. சத்தமாகப் படித்தேன்.

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போது படிக்கப் போகும் கதை எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. இதை எழுதியது நம் புவனா. நாம் இத்தனை வருஷம் கேட்டு அழுத கதையெல்லாம் அவள் எழுதியதுதான். அவள் சொல்ல வெட்கப்படுகிறாள். அதனால் நான் சொல்கிறேன்.

அதற்குக் கீழே மணவூர் கதை முழுவதும், அவருக்கு ஞாபகம் இருந்தபடி, அவர் கையால் எழுதியிருந்தது.

நான் நிறுத்திவிட்டேன். அக்கா கையால் துழாவி என் முழங்காலைத் தொட்டார்.

"எனக்கு ஆடிக்கு முன்னாலேயே தெரியும். லைப்ரரில போயி அந்த வருசத்துப் பொஸ்தகம் எல்லாத்தையும் தலைப்பு மட்டும் கூட்டிக்கூட்டிப் பாத்தேன். எதுலயும் இல்ல. பொஸ்தகத்தக் குடுன்னு கேட்டா நீயே வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, மேடையில நின்னு நாமளே சொல்லிடலாம்னு எழுதிகினு இருந்தேன். அதுக்குள்ள கண்ணு விடல."

நான் அழுதேன். அக்கா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு என் தலையைத் தடவிக் கொடுத்தார். பாதி சந்தோஷம்தான், முரளி. அதையும் மறைக்க விரும்பவில்லை. என் பெயரை ஒருவர் கைப்பட எழுதி, கதைக்கு மேலே போட்டிருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று சரியான குப்பியின் முத்திரையை உடைத்துச் சொட்டு விட்டேன். "எரியுது புவனா" என்றார். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் அக்கா என்றேன். அப்போது அவருக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரிந்துகொண்டிருந்தது. நீ சென்னைக்கு அழைத்துப் போவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

மாதாமாதம் சுதாகர் கடையில் வாங்கிய குப்பிகளில் ஏழு, முத்திரை உடைக்காமல் என் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன. வந்து பார்த்துக்கொள். அவர் விற்றது நல்ல மருந்து. உன் அம்மாவின் கண்ணை நான்தான் எடுத்தேன், தெரிந்தே, எட்டு மாதம், தினமும் ஏழு மணிக்கு. கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். இதைப் போலீசில் கொடு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை அக்காவுக்கு யாராவது படித்துக் காட்டியாக வேண்டும், அவருக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. நீ நடுவில் நிறுத்திவிடுவாய். துர்கா வேகமாகப் படிப்பாள், அவருக்குப் பிடிக்காது. ஒரு மணி நேரம் என்னை அங்கே வர விடு, நானே படிக்கிறேன். எவ்வளவு கஷ்டமான இடமாக இருந்தாலும், என் குரலில் கேட்டால் அவர் தாங்கிக்கொள்வார்.