மதுரை ரோடு பாரில் வாங்கி வைத்த வண்டிச் சாவி

எனது பெயர் கிளெமென்ட், வயது 47, தகப்பனார் பெயர் சூசைமுத்து. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் குடியிருந்து வருகிறேன். மதுரை ரோட்டில் உள்ள ஓர் ஓட்டலின் பாரில் மேனேஜராக வேலை பார்க்கிறேன். வண்டிச் சாவியைத் திருடியதாக என் மீது சின்னாளப்பட்டி சேலை வியாபாரி கமலக்கண்ணன் கொடுத்துள்ள புகார் சம்பந்தமாக இன்று நிலையத்தில் ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

சாவி என்னிடம் இருந்தது உண்மை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் போன வருடத்திலிருந்து சொல்ல வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னால் நான் திருடன் மாதிரித்தான் தெரிவேன்.

போன வருடம் தைப்பூசத்துக்கு முன்பு, எங்கள் பாரில் குடித்துவிட்டுப் போன ஒருவர், பழனிக்கு நடந்து வந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள் பைக்கை விட்டார். அதில் அழகம்மாள் என்ற அம்மாவுக்கு வலது கால் நசுங்கியது. நானும் ஓடிப்போய்த் தூக்கினேன். அந்த அம்மா கத்தவில்லை. "பழனி இன்னும் எம்புட்டுத் தூரம்யா?" என்றுதான் கேட்டார். அதன் பின்பு ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். அவர் குடும்பத்தார் எங்கள் ஓட்டலிடமும் நஷ்டஈடு கேட்டார்கள். பாருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஆனால் பாருக்குள் யாராவது வழுக்கி விழுந்தால்தான் பணம், ரோட்டில் நடந்ததற்குக் கிடையாது என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள்.

அதன் பின்பு எங்கள் முதலாளி ரோட்டில் நடப்பதற்கும் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்தார். அதற்கு ஏஜெண்ட் ரொனால்டு ஒரு நிபந்தனை சொன்னார். மூன்றாவது ரவுண்டு கேட்பவரிடம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டுதான் ஊற்ற வேண்டும், மறுநாள்தான் திருப்பித் தர வேண்டும், தெரிந்தவராயிற்றே என்று கொடுத்து அவர் யார்மேலாவது மோதினால் பைசா வராது என்றார். அன்றிலிருந்து சாவி வாங்குவது என் வேலை. பாரில் நின்று சாவி கேட்கிறவனை என்னவெல்லாம் சொல்லித் திட்டுவார்கள் என்று நான் சொன்னால் ரைட்டர் எழுத மாட்டார்.

இன்று மதியம் கமலக்கண்ணன் வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். மூன்றாவது ரவுண்டு கேட்கும்போது அவரே சாவியை மேசையில் எடுத்துப் போட்டார். குடித்து முடித்ததும் சாவியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. "ஏலே கிளெமென்ட்டு, எம் வண்டிக்கு நீ யாருலே?" என்று சட்டையைப் பிடித்தார். வெளியே ரோட்டோரமாகப் பச்சை வேட்டியும் சேலையுமாகப் பழனிக்கு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் ஆட்டோ பிடித்து, வாடகையும் என் கையிலிருந்து கொடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பினேன். அவர் அதே ஆட்டோவைத் திருப்பி நேராக இங்கே வந்து என் மேல் புகார் கொடுத்திருக்கிறார்.

அதன் பின்பு ஏட்டையா வந்து, பாரில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்க என்னை ஜீப்பில் ஏற்றினார். வழியில் முதலாளிக்குப் போன் செய்தேன். "ஒம் பேருல கேசு வந்துச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றார். ரொனால்டுக்குப் போன் செய்தேன். "திருட்டுக் கேசெல்லாம் நம்ம பாலிசில வராதுண்ணே. ஆனா சாவிய மட்டும் குடுத்துராதீங்க" என்றார்.

நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டால் புகாரை முடித்துவிடலாம் என்றார். கொடுத்தால் இன்சூரன்ஸ் போய்விடும், கொடுக்காவிட்டால் என் வேலை போய்விடும். இன்சூரன்ஸ் எக்கேடோ கெடட்டும், ரோட்டில் நடப்பவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டேன். கத்திக் கேட்டேன், அதற்கு வருந்துகிறேன். அதன் பின்பு சாவியை மேசைமேல் வைத்து, வாங்குகிறவர் எழுந்து நின்று வாங்கட்டும் என்றேன். கமலக்கண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். சாவியை யாரும் தொடவில்லை.

அதன் பின்பு தகவல் தெரிந்து அவர் மனைவி மாலதி சின்னாளப்பட்டியிலிருந்து வந்தார். புருஷனை எழுப்பவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு, மேசையில் இருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "சார், சாவி இப்ப எங்கிட்ட இருக்கு. இவரு எந்திரிச்சதும் மறுபடி புகார் குடுப்பாரு. அந்தக் கேச எம் பேருல போட்டுக்கங்க. இந்த அண்ணன விட்ருங்க" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் ரைட்டரைக் கூப்பிட்டு என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். இத்தனை நாளில் சாவிக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அந்த அம்மாதான்.

வண்டி எங்கள் பார் வாசலில்தான் நிற்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். ரைட்டர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நிஜம். சாயங்காலக் கூட்டம் வந்திருக்கும், அங்கே சாவி வாங்க வேறு ஆள் இல்லை. என்னைச் சீக்கிரம் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)
சூ. கிளெமென்ட்